இருட்டை அளக்கும் ஆடு!

செம்மறி ஆட்டுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. ஆனால் இங்கிலாந்து நாட்டு ஆடுகள் பருவம் தவறுவதில்லை.

அங்கே இலையுதிர் காலம் வந்தால்தான் பெட்டை ஆடு கிடாவை அண்டவிடும். சினைக் காலம் 5 மாதம். ஆகவே குட்டி பிறப்பது வசந்த காலத்தில். அப்போது புல் தழைத்திருக்கும். தாய்க்குத் தீனி உண்டு. குட்டிக்குப் பால் உண்டு.

நடுக் குளிர்காலத்தில் பிறந்தால் என்ன ஆகும்? மேய்ச்சல் இல்லாமல் தாயின் மடி வற்றும். குட்டி குளிரில் விறைத்துச் செத்துப்போகும்.

சரி, காலத்தை ஆடு எப்படி அறிகிறது? குளிரை வைத்து அல்ல. இரவின் நீளத்தை வைத்து!

கேம்பிரிட்ஜில் யேட்ஸ் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்து, 1949-ல் முடிவை வெளியிட்டார். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும், ஆடுகளுக்குப் பகலையும் இரவையும் மாற்றிக் காட்டினார். ஆடுகள் ஏமாந்தன. அவை பருவத்துக்கு வரும் காலமே மாறிப்போனது!

தலைக்குள் ஒரு சுரப்பி

மூளைக்குள் பினியல் என்ற சின்னஞ்சிறு சுரப்பி இருக்கிறது. இருட்டிய பிறகுதான் அது மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். (மெலடோனினை 1958-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஆரன் லெர்னர். அவர் ஒரு தோல் வைத்தியர்! தோலின் நிறம் மாறும் காரணத்தைத் தேடியவருக்கு மாட்டின் பினியல் சுரப்பியில் இது அகப்பட்டது.)

மெலடோனின் நீண்ட நேரம் ஊறினால், காலம் வந்துவிட்டது என்று மூளை அறிந்துகொள்ளும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு போகும். அது வேறு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவை சூலகத்தைத் தட்டி எழுப்பும். கருமுட்டை முதிரும். சினை பிடிக்காவிட்டால் சுமார் 17 நாளில் ஆடு மறுபடி பருவத்துக்கு வரும்.

கோடையில் நடப்பது இன்னும் வேடிக்கை. சூலகத்தில் ஊறும் ஈஸ்ட்ரோஜனே அந்த மூளை உத்தரவைத் தடுத்துவிடுகிறது!

நம் ஊரில்?

சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனிலோ 8 மணி நேரத்துக்கும் மேல்! அதனால் நம் செம்மறிகள் இருட்டைக் கணக்குப் பார்ப்பதில்லை. நல்ல தீனி கிடைத்தால் எந்த மாதமும் சினைப்படும்.

காதடியில் மாத்திரை

மற்றவர்களுக்கு முன்னால் குட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோனால் நல்ல விலை. ஆகவே மேல்நாட்டுப் பண்ணைகள் சிலவற்றில், பெட்டை ஆட்டின் காதடியில் தோலுக்குள் மெலடோனின் மாத்திரையைப் புதைக்கிறார்கள். 18 மில்லிகிராம். அது மெல்ல மெல்ல ரத்தத்தில் கலக்கும்.

வெளியே நீண்ட பகல்; ஆட்டின் உடம்புக்குள் நீண்ட இரவு! 5 வாரம் போனதும் கிடாவை மந்தையில் விடுகிறார்கள்.