குவாண்டம் என்டேங்கிள்மென்ட்டை வைத்து மெசேஜ் அனுப்ப முடியுமா?

பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு ரேடியோ சிக்னல் போய்ச் சேர குறைந்தது 3 நிமிஷம் ஆகும். செவ்வாய் ரொம்ப தள்ளி இருக்கும்போது 22 நிமிஷம் கூட ஆகும். ஒளியைவிட வேகமா எந்தத் தகவலும் போக முடியாது. “அப்போ குவாண்டம் என்டேங்கிள்மென்ட் எதுக்கு இருக்கு? அதை வைத்து உடனே மெசேஜ் அனுப்பிடலாமே?” இது நம்மில் பலருக்கும் வர்ற சந்தேகம்தான். இன்னிக்கு அதைப் பார்த்துடலாம்.

ஜோடியா பிறந்த இரண்டு ஃபோட்டான்கள். ஒன்று பூமியில், இன்னொன்று செவ்வாயில். பூமியில் இருப்பவர் தன் ஃபோட்டானின் போலரைசேஷனை, அதாவது ஒளி அலை எந்தத் திசையில் அதிருது என்பதை, அளக்கிறார். ‘நெடுக்கு’ன்னு விடை வந்தால், செவ்வாயிலும் அதே மாதிரி அளந்தா ‘நெடுக்கு’தான் வரும். ‘கிடை’ன்னா அங்கேயும் ‘கிடை’. இதுதான் என்டேங்கிள்மென்ட்.

பிரச்சினை என்னன்னா, எந்த விடை வரும் என்பது நம் கையில் இல்லை. நாணயம் சுண்டுற மாதிரி, பாதிக்குப் பாதி. செவ்வாயில் இருப்பவருக்குத் தெரிவது தாறுமாறான ஒரு வரிசை மட்டும்தான். அது பூமியில் வந்த விடைகளோடு பொருந்துதுன்னு தெரியணும்னா, இரண்டு பட்டியலையும் ஒப்பிடணும். ஒப்பிட, பழையபடி ரேடியோ சிக்னல்தான் வேணும்!

சரி, விடையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனா *எப்படி அளக்கலாம்* என்பதைத் தேர்ந்தெடுக்க முடியுமே? அமெரிக்க இயற்பியலாளர் நிக் ஹெர்பர்ட் பிடித்தது இந்த ஓட்டையைத்தான். 1982-ல் வெளியான அவருடைய கட்டுரை சொன்ன வழி இது: பூமியில் நேர்கோட்டு போலரைசேஷனை அளந்தா ‘0’, வட்ட போலரைசேஷனை அளந்தா ‘1’. செவ்வாயில் இருப்பவர் தன்னிடம் வரும் ஒற்றை ஃபோட்டானை லேசர் மாதிரி ஒரு கருவியில் விட்டு, நிறைய நகல் எடுக்கணும். நகல்களைப் பிரித்து அளந்தா, அது எந்த வகைன்னு தெரிஞ்சிடும். மெசேஜ் வந்தாச்சு!

கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவர் ஆஷர் பெரெஸ். இது தப்புதான்னு அவருக்குத் தெரியும். ஆனாலும் வெளியிடச் சொன்னார். தப்பு எங்கே இருக்குன்னு தேடப் போனா, புதுசா ஏதாவது கிடைக்கும்னு அவர் நம்பினார்.

கிடைத்தது. அதே வருஷம் வூட்டர்ஸ், சூரெக் இருவரும், தனியாக டீக்ஸும், தெரியாத ஒரு குவாண்டம் நிலையை அப்படியே நகல் எடுக்க முடியாதுன்னு காட்டினார்கள். ஏன்? நெடுக்கையும் கிடையையும் சரியா நகலெடுக்கும் ஒரு மெஷின் இருக்குன்னு வைத்துக்கொள்வோம். வட்ட போலரைசேஷன் என்பது இந்த இரண்டும் கலந்த நிலை. அதை உள்ளே விட்டா, ‘இரண்டும் நெடுக்கு’, ‘இரண்டும் கிடை’ என்ற இரண்டும் கலந்த ஒரு நிலைதான் வெளியே வரும். நமக்கு வேண்டிய இரண்டு வட்ட ஃபோட்டான்கள் வராது. நகல் இல்லைன்னா, ஹெர்பர்ட்டின் மெசேஜும் இல்லை.

ஆனா கதை அங்கே முடியலை. நகல் எடுக்க முடியாதுன்னா, ஒட்டுக்கேட்கிறவராலும் எடுக்க முடியாது, இல்லையா? 1984-ல் பென்னட், பிரஸார்ட் இருவரும் தனி ஃபோட்டான்களை அனுப்பி ரகசியச் சாவி உருவாக்கும் முறையைச் சொன்னார்கள். நடுவில் யாராவது கை வைத்தா, விடைகளில் பிழை கூடி காட்டிக்கொடுத்துவிடும். 1991-ல் ஆர்தர் எகர்ட் இதே வேலைக்கு என்டேங்கிள்மென்ட்டைக் கொண்டுவந்தார். 2016-ல் சீனா ஏவிய மிசியஸ் செயற்கைக்கோள், அடுத்த வருஷமே 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு நிலையங்களுக்கு என்டேங்கிள்மென்ட் ஜோடிகளை அனுப்பிக் காட்டியது.

இந்த முறைகளில் மெசேஜ் சாதாரண வழியில், அதிகபட்சம் ஒளியின் வேகத்தில்தான் போகும். அதைப் பூட்டும் சாவியை உருவாக்கத்தான் என்டேங்கிள்மென்ட். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஆனா யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத விடைகள்: மெசேஜ் அனுப்ப அது உதவாது. ரகசியச் சாவிக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று வேறென்ன வேணும்?

செவ்வாய்க்கு மெசேஜ் போக 3 நிமிஷம் ஆகத்தான் செய்யும். அதை நடுவில் யாராலும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பலாம், அவ்வளவுதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!