வகுப்புக் குழுவில் நான்கு மாணவர்கள்

அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும் வகுப்புதோறும் ஒரு வகுப்புக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது பல்கலைக்கழக விதிமுறை. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களோடு குறைந்தது நான்கு மாணவர்களும், வழக்கமாக இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், அதில் உறுப்பினர்கள். தலைவராக இருப்பவர் அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தாத ஓர் ஆசிரியர். குறை சொல்லப்படுகிறவரே கூட்டத்துக்குத் தலைமை தாங்கக் கூடாது என்ற யோசனை இதில் தெரிகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர் தம் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு விதியாகவே எழுதிக் கொடுக்கப்பட்ட இடம் இது. ஆனால் இப்படியொரு உரிமை இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தைச் சுற்றிப் பார்த்தால், மாணவர் பங்கேற்பு எத்தனை விதமாக இருக்க முடியும் என்பது சில கிலோமீட்டருக்குள் விளங்கிவிடும். காலவாக்கத்தில் 1996-இல் தொடங்கிய எஸ்.எஸ்.என். கல்லூரி, படூரில் இந்துஸ்தான், வண்டலூர் சாலையில் 2010-இல் வந்த வி.ஐ.டி. சென்னை வளாகம், மேலக்கோட்டையூரில் வடிவமைப்புக்கும் உற்பத்திக்குமான மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.டி. என இந்த நான்கின் நிர்வாகமும் ஒரே வகையல்ல.

முதலில் அண்ணா பல்கலைக்கழக விதியையே பார்ப்போம். வகுப்புக் குழுவின் முதல் கூட்டம் செமஸ்டர் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் நடக்க வேண்டும். எந்தத் தேர்வுக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை மாணவருக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு இரண்டு மூன்று கூட்டங்கள் நடக்கும். அவற்றில் எழுவது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்: மூன்று பாடத்தின் அசைன்மென்ட்டும் ஒரே வாரத்தில் விழுகிறது, லேபில் எட்டுப் பேருக்கு ஒரு கருவிதான் இருக்கிறது, கணக்குப் பாடத்தில் இரண்டாம் யூனிட் புரிவதற்குள் மூன்றாவது தொடங்கிவிட்டது. படிப்பு நொண்டுவது இந்த இடங்களில்தான் என்பதால் இவற்றைச் சின்னதென்று தள்ளிவிட முடியாது. கூட்டக் குறிப்பு இரண்டு நாளுக்குள் முதல்வருக்குப் போக வேண்டும். மாணவருக்கும் ஆசிரியருக்கும் அதைச் சுற்றுக்கு விட வேண்டும். நிர்வாகம் செய்ய வேண்டியது ஏதேனும் இருந்தால் முதல்வர் அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

விதியில் குறையில்லை, தடையாக இருப்பது பயம். 2017 விதிமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் மார்க் 20 விழுக்காடுதான். 2021 விதிமுறை அதை 40 ஆக்கியது. லேப் பாடங்களில் அது 60. தொடர்ந்து படிக்க வைப்பதற்கு இது நல்ல ஏற்பாடே. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் கையில் நாற்பது மார்க் இருக்கும்போது, ‘சார், நீங்கள் நடத்துவது புரியவில்லை’ என்று கிளாஸ் ரெப் எப்படிச் சொல்வார்? பெயரில்லாமல் கருத்துகளை எழுதி வாங்கித் தொகுத்து, அவற்றை வகுப்பின் கருத்தாக முன்வைக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது.

கருத்துப் படிவங்களுக்கு இப்போது பஞ்சமில்லை. பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. தேசிய அங்கீகார வாரியமும், கற்பித்தது என்ன என்பதைவிட மாணவர் கற்றது என்ன என்பதையே அளக்கச் சொல்கிறது. அதனால் செமஸ்டர் முடிவில் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடும் படிவம் ஒவ்வொரு பாடத்துக்கும் வருகிறது. அதை நிரப்பிய மாணவர் அடுத்த செமஸ்டர் போய்விடுவார். அவர் சொன்னதால் என்ன மாறியது என்று பெரும்பாலும் அவருக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லாதவரை படிவத்தை யாரும் அக்கறையோடு நிரப்பப் போவதில்லை.

வி.ஐ.டி.யில் வழி வேறு. அங்கே எந்தப் பாடம், எந்த ஆசிரியர், எந்த நேரம் என்பதை மாணவரே பதிவு செய்கிறார். நன்றாக நடத்துபவரின் இடங்கள் முதலில் நிரம்பிவிடும். கூட்டம் போட்டுச் சொல்லாமலே மாணவர் மனது நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் இருப்பதிலிருந்து தேர்ந்தெடுப்பது ஒன்று, என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வேறொன்று.

அந்தத் தீர்மானம் பாடத்திட்டக் குழுவில் நடக்கிறது. இணைப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் பொதுவான சிலபஸைப் பின்பற்றுவதால் அங்கே கல்லூரிக்கே பெரிய பங்கில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் சொந்தமாகப் பாடத்திட்டம் வகுக்கலாம். யு.ஜி.சி. விதிப்படி அவற்றின் பாடத்திட்டக் குழுவில் துறை ஆசிரியர்கள், வெளி நிபுணர்கள், தொழில்துறைப் பிரதிநிதி ஆகியோரோடு ஒரு முன்னாள் மாணவரும் இருப்பார். இப்போது படிக்கும் மாணவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இது சரியல்ல. பாடம் கனக்கும் இடமும் காலாவதியான இடமும் அன்றாடம் தெரிவது அவருக்குத்தான்.

மாணவரை அந்த இடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஓலின் பொறியியல் கல்லூரி காட்டியது. 2002-இல் முறையான வகுப்புகள் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே 30 மாணவர்களை வரவழைத்து, அவர்களோடு சேர்ந்து பாடத்திட்டத்தைச் சோதித்தார்கள். அந்தச் சோதனைகளில் ஒன்று பல்ஸ் ஆக்ஸிமீட்டர் செய்வது. கொரோனா காலத்தில் நம் வீடுகளில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே கருவி. தேவையான பாடங்கள் எதையும் படிக்காத மாணவர்கள் சில வாரங்களில் வேலை செய்யும் ஒன்றைச் செய்து காட்டிவிட்டார்கள். முதலிரண்டு ஆண்டு கணிதமும் இயற்பியலும் முடித்த பிறகே கருவியைத் தொடலாம் என்ற எண்ணத்தை ஆசிரியர்கள் கைவிட்டார்கள். முதல் ஆண்டிலேயே செய்முறைத் திட்டம் வந்தது.

இதற்கு நெருக்கமான ஒன்று கேளம்பாக்கத்தை அடுத்த தையூரில் இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் முன்னாள் மாணவர்களின் உதவியோடு 2008-இல் அமைந்த புத்தாக்க மையத்தில் மாணவர்களே குழு சேர்ந்து, விரும்பியதைச் செய்து பார்க்கிறார்கள். 2017-இல் அப்படி உருவான ‘ஆவிஷ்கார்’ குழு ஹைப்பர்லூப்பைக் கையில் எடுத்தது. காற்று நீக்கிய குழாய்க்குள் பெட்டியை மிதக்கவிட்டு ஓட்டும் போக்குவரத்து அது. 2019-இல் கலிபோர்னியாவில் ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய போட்டியின் இறுதிச் சுற்றுவரை அக்குழு போனது. 400 மீட்டரைத் தாண்டும் சோதனைத் தடம் இப்போது ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் நிற்கிறது. வெற்றிடம், காந்த மிதப்பு, மின்சுற்று என்று பல துறை அறிவு அதற்குத் தேவைப்பட்டது. எதை, எப்போது, எவரிடம் கற்பது என்பதைத் தடத்தில் வந்த சிக்கலைப் பார்த்து மாணவர்கள் தீர்மானித்தார்கள். ஆசிரியர்கள் பக்கத்தில் நின்று வழிகாட்டினார்கள்.