நடப்பது மட்டும்தானா நலம்? தண்டுவடக் காயமும் மறுவாழ்வும்

படிவம் 4, 5 மாணவர்களுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குமான அறிவியல் வாசிப்புப் பகுதி இது. மருத்துவ முன்னேற்றம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், ‘அறிவியலால் முடியாதது எதுவுமில்லை’ என்று தொடங்கி, ‘முடமானவர்களும் இன்று நடக்கிறார்கள்’ என்று முடித்துவிடும் வழக்கம் மாணவர்களிடம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எதைச் செய்தார்கள், எத்தனை பேரிடம் செய்தார்கள், எந்த அளவுக்குப் பலன் கிடைத்தது என்று சொன்னால்தான் அது கருத்தாகும். தண்டுவடக் காயத்தை எடுத்துக்காட்டாக வைத்து அதைப் பார்ப்போம்.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. உலகில் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தக் காயத்தோடு வாழ்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முக்கியக் காரணங்கள் இரண்டு: கீழே விழுவது, சாலை விபத்து. மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வரும் மாணவர்கள் நம் வகுப்பிலேயே இருக்காங்க இல்லையா?

முதலில் ஒரு சொல் வேறுபாடு

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது முதுகெலும்பு. அந்த அடுக்கின் உள்ளே ஓடும் நரம்புக் கற்றை தண்டுவடம். பெரியவர்களுக்கு அது சுமார் 45 செ.மீ. நீளம், ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன். மூளையின் கட்டளை கீழே போவதும், தொடுவுணர்வும் வலியும் மேலே வருவதும் இதன் வழியாகத்தான். எலும்பு முறிந்தும் தண்டுவடம் தப்பலாம். எலும்பு முறியாமலே தண்டுவடம் நசுங்கவும் கூடும்.

எந்த இடத்தில் அடிபட்டது என்பதைப் பொறுத்துப் பாதிப்பு மாறும். கழுத்தில் என்றால் கை, கால் நான்கும் பாதிக்கப்படலாம். கழுத்தின் மேற்பகுதி என்றால் மூச்சுவிடவே கருவி தேவைப்படலாம். நடுமுதுகில் அடிபட்டால் கைகள் தப்பும், கால்கள் செயலிழக்கும். கால் அசையாதது நம் கண்ணுக்குத் தெரிகிறது. சிறுநீர், மலக் கட்டுப்பாடு போய்விடுவதும், உணர்ச்சி இல்லாததால் தோலில் புண் வருவதே தெரியாமல் இருப்பதும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல காலம் நோயாளிகளின் உயிரைக் குடித்தவை இந்தத் தெரியாத பாதிப்புகள்தாம்.

சரி, கையில் நரம்பு அறுந்தால்கூட மெல்ல வளர்கிறதே, தண்டுவடத்தில் மட்டும் ஏன் வளர்வதில்லை? அடிபட்ட இடத்தில் உருவாகும் தழும்பு ஒரு தடை. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதம் இருப்பது இன்னொரு தடை. சூரிச் நகரில் மார்ட்டின் ஷ்வாப் குழுவினர் 1980களின் பிற்பகுதியில் இதைக் காட்டினார்கள். அந்தத் தடையை மருந்தால் நீக்க முடியுமா என்ற ஆய்வு இன்றும் தொடர்கிறது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

ஏறத்தாழ கி.மு. 1600-ஐச் சேர்ந்த ஓர் எகிப்திய மருத்துவச் சுவடி, கழுத்தெலும்பு பிசகிக் கை கால் செயலிழந்தவரைப் பற்றிப் பேசுகிறது. சிகிச்சை அளிக்கத் தக்கதல்ல என்பதே அதன் தீர்ப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தார்கள்.

அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் லுட்விக் குட்மன். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1939-இல் இங்கிலாந்து சென்ற யூத நரம்பியல் மருத்துவர். போரில் காயமடையும் வீரர்களுக்காக ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 பிப்ரவரியில் ஒரு தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். அவர் கையில் புதிய மருந்து எதுவும் இருந்ததா? இல்லை. நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். சிறுநீர்ப் பையைத் தூய்மையாகப் பராமரிக்கச் செய்தார். பிறகு தச்சு வேலை, கடிகாரம் பழுதுபார்த்தல், விளையாட்டு என்று கைகளுக்கு வேலை கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். பாராலிம்பிக் விளையாட்டின் வேர் அதுதான்.

நரம்பு ஒட்டவில்லை. ஆனாலும் ஆயுள் நீண்டது, வாழ்க்கை திரும்பியது. ‘மறுவாழ்வு’ என்ற சொல்லின் முழுப்பொருளும் இங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டின் வேலூரிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் சிக்கிக் கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூர் திரும்பி அத்துறையை வழிநடத்தினார்.

முதல் சில மணி நேரம்

தண்டுவடத்துக்கு அடி இரண்டு முறை விழுகிறது. முதல் அடி விபத்தில். அடுத்த மணி நேரங்களிலும் நாள்களிலும் வரும் வீக்கமும் இரத்த ஓட்டக் குறைவும் இரண்டாவது அடி. முதலாவதை மருத்துவரால் தடுக்க முடியாது. இரண்டாவதைக் குறைக்கத்தான் அவசர சிகிச்சை. கழுத்துப் பகுதியில் காயம்பட்ட 313 பேரைக் கொண்ட வட அமெரிக்க ஆய்வு 2012-இல் வெளிவந்தது. 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தை நீக்கியவர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். தாமதமாகச் செய்தவர்களில் அது சுமார் 9 விழுக்காடு.

மாணவர்களே, இதை மட்டும் மறக்காதீங்க. விபத்தில் கிடப்பவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கவோ, காரில் தூக்கிப் போடவோ கூடாது. தீ போன்ற உடனடி ஆபத்து இருந்தால் தவிர, கிடந்த இடத்திலேயே தலையையும் கழுத்தையும் அசையாமல் பார்த்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். நல்லெண்ணத்தோடு இழுக்கும் ஓர் இழுப்பு, பகுதிக் காயத்தை முழுக் காயமாக்கிவிடக்கூடும்.

எது பலன் தந்தது என்று எப்படித் தெரியும்?

உடல் எடையைப் பட்டையால் தாங்கி, ஓடுபொறியில் நடக்கப் பயிற்சி கொடுத்தால் நடை திரும்பும் என்ற பெரிய நம்பிக்கை ஒருகாலத்தில் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 146 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓடுபொறி, மற்றதற்குத் தரையில் வழக்கமான நடைப்பயிற்சி. 2006-இல் முடிவு வந்தது. பகுதிக் காயம் உள்ளவர்கள் இரண்டு குழுவிலும் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். குழுக்களுக்கிடையே வேறுபாடு இல்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் போயிருந்தால், பெருமை முழுவதும் பொறிக்குப் போயிருக்கும். ஓடுபொறி வழக்கமான பயிற்சியைவிட மேலானது என்று சொல்ல முடியாது என்பதை இந்த ஆய்விலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

இப்போது மின்தூண்டல் செய்திகளுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரெகுவார் கூர்ட்டின், ஜோஸ்லின் பிளாக் குழுவினர் தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பொருத்தி, பயிற்சியோடு சேர்த்து இயக்கினார்கள். 2018-இல் வெளியான ஆய்வில் மூன்று பேர் துணையோடு நடந்தனர். 2023-இல் வெளியான ஆய்வில், மூளையின் சைகையைக் கம்பியில்லாமல் தண்டுவடத்துக்கு அனுப்பி, ஒருவர் ஊன்றுகோலுடன் நடந்தார், படி ஏறினார். வியப்பான சாதனைதான். ஆனால் எண்ணிக்கையைக் கவனிங்க: மூன்று பேர், ஒருவர். ‘சாத்தியம் என்று காட்டினார்கள்’ என்று எழுதலாம். ‘நோய்க்குத் தீர்வு கண்டார்கள்’ என்று எழுத முடியாது.

நோயாளிகள் கேட்டது என்ன?

தானும் தண்டுவடக் காயத்தோடு வாழும் ஆய்வாளர் கிம் ஆண்டர்சன், 681 பேரிடம் ஒரு கேள்வி கேட்டு 2004-இல் முடிவை வெளியிட்டார். எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் மேம்படும்? நடை என்றுதானே நாம் நினைப்போம்? நான்கு உறுப்பும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கையைத்தான் முதலில் கேட்டார்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடும் இரு பிரிவினருக்கும் மிக முக்கியமானதாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் புரியும். விரல் மடங்கினால் தானே சாப்பிடலாம், பல் துலக்கலாம், கைத்தொலைபேசியில் பேசலாம். ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியதில்லை.

ஆய்வும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அறுவை சிகிச்சை இல்லாமல், கழுத்துத் தோலின் மேல் மின்முனை ஒட்டி, கைப்பயிற்சியோடு தூண்டல் கொடுத்த ஆய்வு 2024-இல் வெளியானது. 60 பேரில் 72 விழுக்காட்டினருக்குக் கையின் வலிமையும் செயல்பாடும் கூடின. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அக்கருவிக்கு அனுமதி வழங்கியது. இதில் தனி ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2006 ஆய்வு நமக்குக் கற்பித்த பாடம் அதுதானே?

இந்தக் கவனம் தேர்வுக்கு மட்டும் உரியதல்ல. ‘உறுதியாகக் குணமாகும்’ என்று விளம்பரம் செய்து குருத்தணு ஊசிக்குப் பெரும்பணம் கேட்கும் இடங்கள் பல நாடுகளில் உண்டு. எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், யாரோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் ஒருவர் இருந்தால், அந்தக் குடும்பத்தின் சேமிப்பு தப்பலாம். வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ காயப்பட்ட சொக்சோ சந்தாதாரர்களுக்கு மலாக்காவில் மறுவாழ்வு மையம் இருக்கிறது என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

சொல்வளம்

தண்டுவடம்: முதுகெலும்பின் உள்ளே ஓடும் நரம்புக் கற்றை.
பகுதிக் காயம்: காயத்துக்குக் கீழே ஓரளவு உணர்வோ அசைவோ எஞ்சியிருப்பது.
மறுவாழ்வு: இழந்த திறனை இயன்றவரை மீட்டு, எஞ்சிய திறனோடு முழுமையாக வாழப் பயிற்றுவித்தல்.
ஒப்பீட்டுக் குழு: புதிய சிகிச்சை பெறாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வில் சேர்க்கப்படும் குழு.
‘முடம்’, ‘ஊனம்’ ஆகிய சொற்களைத் தவிர்த்து, ‘மாற்றுத்திறனாளி’, ‘சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்’ என எழுதுக.

சிந்தித்து எழுதுக

1. குட்மன் நரம்பைக் குணப்படுத்தவில்லை. ஆயினும் அவரது பணியை மருத்துவச் சாதனை எனலாமா? இரண்டு காரணம் தருக.
2. 2006, 2024 ஆய்வுகளை ஒப்பிட்டு, எதன் முடிவை நீ அதிகம் நம்புவாய் என்று விளக்குக.
3. உன் பள்ளியில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவர் சேர்ந்தால் மாற்ற வேண்டிய மூன்றைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுக. கழிவறைக் கதவின் அகலத்தை அளந்துவிட்டு எழுதத் தொடங்குக.