புளிக்காத ரசம் புளித்த கதை

தமிழ் வேதாகமத்தில் வைனுக்குத் 'திராட்சரசம்' என்று பெயர். பழக்கடையில் பிழிந்து தரும் திராட்சைச் சாற்றையும் திராட்சை ரசம் என்கிறோம். ஒரே சொல்லுக்குள் போதை தருவதும் தராததும் அடக்கம். 1869ல் அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவரின் தலைவலியும் ஏறக்குறைய இதுதான்.

தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற அந்த மருத்துவர் நியூஜெர்சி மாநிலத்தின் வைன்லேண்ட் ஊர்க்காரர். மதுவைத் தொடாத மெதடிஸ்ட் சபைக் கிறிஸ்தவர். திருவிருந்தில் மட்டும் வைன் பருகுவது அவருக்கு உறுத்தியது. சாறு பிழிந்து வைத்தாலோ தானாகப் புளித்துவிடும். அதைப் புளிக்கவைப்பவை கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் உயிரிகள் என்றும், சூடு அவற்றைக் கொன்றுவிடும் என்றும் பிரான்ஸில் லூயி பாஸ்டர் காட்டியிருந்த காலம் அது. கான்கார்ட் திராட்சையின் சாற்றைப் பாட்டிலில் அடைத்துச் சூடாக்கினார் வெல்ச். சாறு சாறாகவே நின்றது. 'டாக்டர் வெல்ச்சின் புளிக்காத வைன்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். இன்று கடைகளில் விற்கும் பாட்டில் சாறுகளுக்கு மூதாதை இதுதான்.

அந்தச் சாற்றை வாங்கி, வெல்ச் கொன்ற ஈஸ்ட்டைத் திரும்பப் போட்டு வைனாக்குகிற கூட்டம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அவர்களில் பலர் கையில் எடுப்பது வெல்ச் பெயரைத் தாங்கிய பாட்டிலையேதான். மனிதர் என்ன நினைப்பாரோ!

வேலை என்னவோ தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் திராட்சைச் சாற்றை அகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி, வைனுக்கென்றே விற்கும் ஈஸ்ட்டைத் தூவுவார்கள். பழக்கப்பட்டவர்கள் அதற்கு முன் லேபிளைப் படிப்பார்கள். பொட்டாசியம் சார்பேட் அல்லது சோடியம் பென்சோயேட் கலந்த சாறு என்றால் ஈஸ்ட் அதில் பெருகுவது கடினம். நாள்கணக்கில் காத்திருந்தாலும் ஜாடி பெரும்பாலும் சும்மாவே கிடக்கும். வைட்டமின் சி சேர்த்திருந்தால் தொல்லையில்லை.

பிறகு கணக்கு. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீத ஆல்கஹால். கான்கார்ட் சாற்றில் லிட்டருக்கு 150 கிராம் அளவில் சர்க்கரை இருப்பதால், அப்படியே விட்டால் 9 சதவீதத்தை ஒட்டி வரும். கடை வைன் மாதிரி 12 சதவீதம் வேண்டுமென்றால் ஜாடிக்கு 200 கிராம் போலச் சர்க்கரை சேர்க்கவேண்டும்.

மறுநாளே மேற்பரப்பில் நுரை கட்டும். காது கொடுத்துக் கேட்டால் சோடா போல ஒரு மெல்லிய 'சிர்ர்'. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. ஒரு லிட்டர் சாற்றிலிருந்து 35 லிட்டருக்கு மேல் வாயு கிளம்பும்! ஜாடியை இறுக்கி மூடியவர் வீட்டில் கண்ணாடி வெடித்துச் சுவரெல்லாம் ஊதாவாகும். அப்படியே திறந்து வைத்தால் காற்றோடு வரும் பாக்டீரியா வைனை வினிகராக்கிவிடும். வாயு வெளியேற வேண்டும், காற்று உள்ளே போகக்கூடாது. இதற்கென்று தண்ணீர் நிரப்பிய வளைகுழாய் மூடி விற்கிறது. அது இல்லாதவர்கள் ஜாடி வாயில் ஊசியால் குத்திய பலூனை மாட்டுவார்கள். பலூன் விறைத்து நிற்கும் வரை வேலை நடக்கிறது; துவண்டு சாய்ந்தால் முடியப்போகிறது.

இந்த வித்தை சூடு பிடித்தது மதுவிலக்குக் காலத்தில் என்பதுதான் வேடிக்கை. 1920ல் அமெரிக்கா முழுவதும் மது தடைசெய்யப்பட்டது. ஆனால் வீட்டில் பழச்சாறு தயாரிக்கச் சட்டத்தின் 29ஆம் பிரிவு இடம் கொடுத்தது. போதை தராத சாறுதான் என்று எழுதியிருந்தாலும், எந்த வீட்டு ஜாடியை யார் போய்ச் சோதிப்பது? கலிஃபோர்னியா திராட்சை விவசாயிகள் அமைப்பு ஒன்று 'வைன்-குளோ' என்ற பெயரில் சாற்றுச் செறிவை பீப்பாயில் வீட்டுக்கே அனுப்பியது. கம்பெனி ஆளே வந்து பீப்பாயை அமைத்துக்கொடுப்பார். 60 நாளில் வைன் தயார். அந்த நிறுவனத்துக்கு வாதாடியவர் மேபல் வாக்கர் வில்லிபிராண்ட். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை மதுவிலக்கு வழக்குகளை அரசு சார்பில் நடத்தியவரும் அதே அம்மையார்தான். 1931ல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று எதிராக வர, வியாபாரத்தை நிறுத்தினார்கள்.

இன்று அங்கே பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும், இருவர் அல்லது மேற்பட்டோர் உள்ள வீட்டில் 200 கேலனும் சொந்த உபயோகத்துக்குப் போடலாம், விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

சரி, ருசி எப்படி? முதல் வாய் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சாற்றில் இருந்த புளிப்பை அதுவரை சர்க்கரை மறைத்து வைத்திருந்தது. சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்ததும் புளிப்பு தனியாக நின்று பல்லைக் கூசவைக்கும். கான்கார்டின் ஜெல்லி வாசனையோ போகவே போகாது. அடியில் படிந்த ஈஸ்ட் வண்டல் கலங்காமல் மேலாக ரப்பர் குழாயால் இறுத்து, சில மாதம் வைத்திருந்தால் முரட்டுத்தனம் குறையும். அப்படியும் போதாதவர்கள் கடைசியில் மீண்டும் சர்க்கரை சேர்ப்பார்கள். அந்தச் சர்க்கரையால் ஈஸ்ட் மறுபடி கிளம்பிவிடக்கூடாதே! அதற்காகத் தெளிந்த வைனில் அவர்கள் முன்கூட்டியே ஒரு சிட்டிகைப் பொடி கலக்கிறார்கள்: கடையில் லேபிளைப் புரட்டிப் புரட்டித் தவிர்த்தார்களே, அதே பொட்டாசியம் சார்பேட்.