நாளையைக் கணித்தவர்கள் – 7: முதலில் வாத்தியார்

வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திவிட்டு யுனெஸ்கோவுக்குப் போன கதை சென்ற வாரமே முடிந்தது. ஆப்பிரிக்காவின் வருங்காலத்தைக் கணிக்கும் பிரிட்டோரியா ஆய்வாளர் ஜாக்கி சிலியர்ஸைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். படிக்கப் படிக்க 1961 என்னை விடவில்லை.

அந்த ஆண்டு மே மாதம் அடிஸ் அபாபாவில் ஒரு மாநாடு. அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றிருந்தன. யுனெஸ்கோவும் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையமும் சேர்ந்து கூட்டின. ஆதிசேஷையா அப்போது யுனெஸ்கோவில் உதவித் தலைமை இயக்குநர். 1980-க்குள் எல்லாக் குழந்தைகளும் தொடக்கப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று முடிவானது. அன்றைய நிலை? தொடக்கப் பள்ளியில் 100-க்கு 40 பேர். இடைநிலையில் 100-க்கு மூன்றே பேர்.

இந்த மூன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தொடக்கப் பள்ளிக்கு வாத்தியார் வேண்டும். அவர் இடைநிலை முடித்து, பயிற்சியும் பெற்று வர வேண்டும். அந்த மூன்று பேரிலிருந்துதான் நர்ஸ், ஓவர்சியர், குமாஸ்தா எல்லாரும் வர வேண்டும். 1970-ல் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டியவன் 1961-ல் பத்து வயதைத் தாண்டிய பையன். அவன் பள்ளி வாசலையே மிதிக்காதவன் என்றால் 1970-ன் வகுப்பறைக்கு 1961-லேயே வாத்தியார் இல்லை! அதனால்தான் எல்லாருக்கும் தொடக்கக் கல்வி என்று கிளம்பிய திட்டம், இடைநிலைப் பள்ளிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் முதலிடம் கொடுத்தது.

எங்கள் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பைப் பதிந்தால் கட்டிங் ஆர்டர் வரப் பத்துப் பன்னிரண்டு மாதம். எத்தனை ஏக்கர், எந்த மாத நடவு, நடவுக் கரும்பா மறுதாம்பா, எல்லாம் ஏட்டில் இருக்கும். அப்படியும் தென்பெண்ணையில் ஒரு வெள்ளம் வந்தால் கணக்கு மாறிவிடும். அடிஸ் அபாபாவில் போட்டதோ இருபது ஆண்டுக் கணக்கு. அதற்கு ஏடும் சரியாக இல்லை.

நைஜீரியாவைப் பாருங்கள். தலைக்கணக்கை வைத்துத்தான் நாடாளுமன்ற இடங்கள் என்பதால், வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று நம்பவில்லை. 1962-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு ரத்தானது. 1963-ல் மறுபடி எண்ணி ஐந்தரைக் கோடிக்கு மேல் என்றார்கள். அதையும் தெற்கே பலர் ஏற்கவில்லை. நாட்டில் எத்தனை குழந்தைகள் என்றே தெரியாமல் எத்தனை வாத்தியார் என்று எப்படிச் சொல்வது?

1980-ல் சகாராவுக்குத் தெற்கே தொடக்கப் பள்ளிச் சேர்க்கை சுமார் 80 விழுக்காட்டைத் தொட்டது. இலக்கு தவறியது உண்மை. ஆனால் கணிப்பே வீண் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பள்ளியில் சேர்ந்தவர்கள் பெருகியபோதே, சேர வேண்டிய குழந்தைகளும் பெருகிக்கொண்டே போனார்கள். அதற்கும் ஈடுகொடுத்து ஏறிய எண்ணிக்கை அது. 80-களில் கடன் நெருக்கடி வந்து அரசுகள் செலவை வெட்டிய பிறகுதான் அந்த விகிதம் சறுக்கியது.

சிலியர்ஸை அடுத்த வாரம் கட்டாயம் பார்ப்போம். 2043 வரை அவர் ஏன் கணக்குப் போடுகிறார், அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் உருவான கணினி மாதிரி அவருக்கு எப்படிக் கைகொடுக்கிறது என்பதெல்லாம் அதில். 1971-ல் ஆதிசேஷையா அடையாறில் தொடங்கிய ஆய்வு நிறுவனத்துக்கும் இடம் கிடைத்தால் எழுதுகிறேன்.