ராப் பாட இசை ஞானம் வேண்டுமா?

பாடத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த பாட்டு என்று ராப்பைக் கேலி செய்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மெட்டு கிடையாது, கமகம் கிடையாது, நின்று நிதானித்து நீட்ட ஒரு ஸ்வரம் கிடையாது. வேகவேகமாகப் பேசுகிறார்கள், பின்னால் டிரம்ஸ் அடிக்கிறது, இதற்கென்ன பெரிய திறமை வேண்டியிருக்கிறது? கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால், இசைத் திறமை என்றாலே சுருதித் திறமைதான் என்று இந்தக் கேலி முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது.

அறிவியல் அப்படி முடிவுகட்டவில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் கார்ல் சீஷோர், இசைத் திறமையை அளக்க 1919-இல் கிராமபோன் தட்டுகளில் ஒரு சோதனைத் தொகுப்பை வெளியிட்டார். 1939-இல் திருத்தி வெளியிட்டபோது அதில் ஆறு சோதனைகள் இருந்தன: சுருதி, ஒலியின் வலிமை, தாளம், கால அளவு, நாதத்தின் தன்மை, ஸ்வர நினைவு. இவற்றில் சுருதிக்கும் ஸ்வரத்துக்கும் இரண்டே இடம். மற்ற நான்கும் ஒரு ராப்பரின் அன்றாடப் பிழைப்பு. சீஷோரின் சோதனை குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். இசைத் திறமையைத் துண்டு துண்டாக வெட்டி அளக்க முடியுமா என்று அவர் காலத்திலேயே சண்டை இருந்தது. ஆனாலும் சுருதியும் தாளமும் வேறு வேறு சரக்கு என்பதை அவர் சரியாகவே பிடித்தார்.

மூளையும் அதற்குச் சாட்சி சொல்கிறது. பிறவியிலேயே ஸ்வர வேறுபாடு காதில் ஏறாத சிலர் உண்டு. தெரிந்த பாட்டைத் தப்பாகப் பாடினாலும் தப்பென்று அவர்களுக்குத் தெரியாது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இசபெல் பெரெட்ஸின் ஆய்வுக்குழு இவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. இவர்களில் பலருக்குத் தாள உணர்வு பழுதின்றி இருக்கிறது. 2011-இல் அதே நகரிலிருந்து இதற்கு நேர்மாறான ஒருவரைப் பற்றிய ஆய்வு வெளியானது. அந்த இளைஞருக்குச் சுருதியில் குறையில்லை. இசைக்கேற்ப உடலை அசைக்கச் சொன்னால் மட்டும் தாளம் பிடிபடவில்லை. ஒன்று இருக்க மற்றொன்று இல்லாமல் போகலாம் என்றால், இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது தவறு.

ராப்பில் மெட்டு பின்னுக்குப் போனதற்கு அதன் பிறப்பே காரணம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பில் நடந்த விருந்தைத்தான் ஹிப் ஹாப்பின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க் அங்கே இசைத்தட்டுகளை ஓட்டினார். பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்பதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, அந்தத் துண்டை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். மெட்டு விலகிய அந்த இடைவெளிக்குள்தான் மைக் பிடித்தவரின் பேச்சு நுழைந்தது. ஆக, டிரம்ஸுக்குத் துணையாக இன்னொரு தாள வாத்தியம் என்பதே அந்தக் குரலுக்கு முதல் நாளிலிருந்து கிடைத்த வேலை.

அந்த வேலை எவ்வளவு கடினம்? ஒரு பாடல் நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 0.67 நொடி. அதை நான்காகப் பிரித்தால் ஓர் அசைக்குக் கிடைக்கும் இடம் 0.17 நொடி, அதாவது நொடிக்கு 6 அசை. இது மலைக்கவைக்கும் வேகமே அல்ல. டீக்கடையில் அரசியல் பேசுபவர் இதைச் சர்வசாதாரணமாகத் தொடுவார். ஆனால், அவருடைய அசைகள் நினைத்த இடத்தில் நீளும், குறுகும், யோசிக்க நின்றுவிட்டு ஓடும். பேச்சில் அசைகள் சம இடைவெளியில் விழுவதில்லை. ராப்பர் அதே பேச்சை, பேச்சின் இயல்பு கெடாமல், அந்த 0.17 நொடிக் கட்டங்களுக்குள் உட்கார வைக்க வேண்டும்.

இதில் காது செய்யும் குறும்பு ஒன்று உண்டு. 1976-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன் என்பவரும் உடனிருந்த இரு ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை அதை விளக்கியது. ஒலிப்பதிவு செய்த எண்களின் பெயர்களை, ஒவ்வொன்றின் ஒலியும் மிகச் சரியான இடைவெளியில் தொடங்கும்படி அடுக்கினால் காதுக்கு அது ஏறுமாறாகக் கேட்கும். ஏனென்றால் ஒரு சொல்லின் 'அடி' எங்கே விழுந்தது என்பதை நம் காது சொல்லின் தொடக்கத்தை வைத்து முடிவுசெய்வதில்லை. ஏறக்குறைய உயிரொலி தொடங்கும் இடத்தை வைத்தே முடிவுசெய்கிறது. 'ஸ்ட்ரீட்' என்ற சொல் தாளத்தின் மேல் சரியாக விழ வேண்டுமானால், அதன் 'ஸ்' தாளத்துக்கு முன்பே, சில சமயம் பத்தில் ஒரு நொடிக்கும் முன்னால், கிளம்பிவிட வேண்டும். 'ஆள்' என்ற சொல்லோ தாளத்தோடேயே கிளம்பலாம். சொல்லுக்குச் சொல் இந்தக் கணக்கு மாறும். நல்ல ராப்பர் யாரும் இதைக் கணக்கிட்டுச் செய்வதில்லை, நாக்கே போட்டுக்கொள்கிறது. தேர்ந்த மிருதங்க வித்வானின் விரல் போடும் கணக்கும் இதே ரகம்தான்.

தாளத்தில் சரியாக விழுவது பாலபாடம். எங்கே விழாமல் இருப்பது என்பதில்தான் கலைஞர்கள் பிரிகிறார்கள். இதற்கு ராக்கிமைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சிறுவயதில் சாக்ஸபோன் வாசித்தவர், ஜான் கோல்ட்ரேனின் ஜாஸைக் கேட்டு வளர்ந்தவர். எரிக் பி-யுடன் சேர்ந்து அவர் 1987-இல் வெளியிட்ட 'பெய்ட் இன் ஃபுல்' தொகுப்புக்கு முன்னால், பெரும்பாலான ராப் வரிகள் தாள வட்டத்தின் கடைசி அடியில் எதுகை போட்டு முடிந்துவிடும். ராக்கிம் எதுகைகளை வரிக்கு நடுவே பதித்தார். வாக்கியத்தை வட்டத்தின் எல்லையைத் தாண்டி ஓடவிட்டு, எதிர்பாராத இடத்தில் நிறுத்தினார். சாக்ஸபோன் கலைஞர் மூச்சை எங்கே எடுப்பது என்று யோசிப்பதைப் போன்ற யோசனை அதில் கேட்கும்.

நம் சபைகளில் இதற்கு நெருங்கிய உறவு கொன்னக்கோல். அதிலும் ஸ்வரம் இல்லை. 'தகதகிட' என்று ஐந்தும் 'தகதிமி தகிட' என்று ஏழுமாகக் குரலால் தாளத்தைப் பின்னுவதை யாரும் இசையல்ல என்று சொல்வதில்லை. அதன் சொற்கட்டுகளுக்குப் பொருள் கிடையாது, நாக்குக்கு வசதியான ஒலிகளாகப் பார்த்து அமைந்தவை. ராப்பருக்கு அந்தச் சலுகையும் இல்லை. அவருடைய ஒலிகள் சொல்லாகவும் இருக்க வேண்டும், வாக்கியமாகவும் தேற வேண்டும்.

தமிழில் ராப் பாடுபவருக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தி உச்சரிக்கும் அசை ஒன்று இருக்கும். அதைத் தாளத்தின் மேல் வைத்தால் பாதி வேலை முடிந்தது. தமிழில் அப்படிப்பட்ட அழுத்தம் மிகக் குறைவு, நமக்குள்ளது மாத்திரை. குறிலை நீட்டினால் 'படு' 'பாடு' ஆகிவிடும், 'கல்' 'கால்' ஆகிவிடும். கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக உயிரை இழுக்க முடியாது. அதோடு எழுத்துத் தமிழில் சொற்கள் நீளம். 'வந்துகொண்டிருக்கிறேன்' ஏழு துண்டாக உடையும். 'வந்துட்டிருக்கேன்' ஐந்திலேயே முடிந்துவிடும். மலேசியாவின் யோகி பி முதல் சென்னையின் அறிவு வரை தமிழ் ராப்பர்கள் பேச்சுத் தமிழில் ஊன்றி நிற்பதற்குத் தெருவின் குரல் என்ற பெருமை மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். இந்தக் கட்டக் கணக்கும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். இன்னொரு விஷயம்: 'வந்தான், நின்றான், சென்றான்' என்று வரியின் கடைசியில் ஓசை ஒத்துப்போவதைத் தமிழின் வினைமுற்று இலவசமாகவே கொடுத்துவிடுகிறது. அந்த இயைபை மட்டும் நம்பி வண்டி ஓட்டும் தமிழ் ராப்புக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.

எழுதிவைத்துப் பாடுவது ஒரு பக்கம். நின்ற இடத்தில் இட்டுக்கட்டிப் பாடும் 'ஃப்ரீஸ்டைல்' இன்னொரு பக்கம். நம் ஆசுகவிகளின் வித்தை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் சியுவான் லியூ, ஆலன் பிரவுன் ஆகியோரின் குழு 12 ஃப்ரீஸ்டைல் கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, ஒரே இசைக்கு ஒருமுறை மனப்பாட வரிகளையும் ஒருமுறை இட்டுக்கட்டிய வரிகளையும் பாடச் சொன்னது. ஆய்வு 2012-இல் வெளியானது. இட்டுக்கட்டும்போது முன்மூளையின் நடுப்பகுதி சுறுசுறுப்பானது. தன்னைத்தானே கண்காணித்துத் திருத்தும் வேலையோடு தொடர்புடைய பக்கவாட்டு மேற்பகுதி அடங்கியது. 2008-இல் இதே பிரவுன், சார்லஸ் லிம்ப் என்ற மருத்துவருடன் சேர்ந்து ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஆறு பேரிடம் செய்த ஆய்விலும் ஏறக்குறைய இதே படம்தான் தெரிந்தது. பன்னிரண்டு பேரையும் ஆறு பேரையும் வைத்துப் பெரிய முடிவுக்குத் தாவ வேண்டாம். மூளைப் படம் யாருக்கும் திறமைச் சான்றிதழ் தராது. ஆனால் மனோதர்மம் என்று ஜாஸில் நாம் மதிப்பது எதுவோ, அதன் சாயல் இங்கேயும் இருக்கிறது.

இந்தத் திறமை பிறவியிலேயே வருவதா? தாளத்துக்குச் சரியாகக் கை தட்ட முடியுமா என்ற ஒரே கேள்விக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தந்த பதிலை அவர்களின் மரபணுவோடு ஒப்பிட்டு 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. மரபணுத் தொகுதியில் 69 இடங்கள் இதோடு தொடர்புடையவை என்று அது கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது; 'ராப் மரபணு' என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. மிச்சத்தைக் கேள்வியும் பயிற்சியும் தர வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எமினெம் 2013-இல் வெளியிட்ட 'ராப் காட்' பாடலில் 6 நிமிடம் 4 நொடிக்குள் 1,560 சொற்கள். கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. ரசிகர்கள் இந்த எண்ணைத்தான் ஆதாரமாக நீட்டுகிறார்கள். எனக்கு அது பலவீனமான ஆதாரமாகவே படுகிறது. ஏலம் விடுபவரும் வேகமாகத்தான் பேசுகிறார். அந்தப் பாடலில் வியக்க வேண்டியது, அத்தனை வேகத்திலும் அடி பிசகாமல் இருப்பது.

ஒலிப்பதிவை மட்டும் கேட்டுத் திறமையை எடைபோடுவதும் கஷ்டம். பாடகரின் அபசுருதியைத் திருத்த ஆட்டோ-டியூன் இருப்பதுபோல, ராப்பருக்கும் ஒட்டுவேலை உண்டு. 'பஞ்ச்-இன்' என்று ஸ்டுடியோவில் சொல்வார்கள். வரி வரியாக, சில சமயம் சொல் சொல்லாகப் பதிந்து ஒட்டிவிடலாம். தாளத்துக்கு முன்பின் விழுந்த அசையை நகர்த்தியும் வைக்கலாம். மேடையிலும் பலர் தங்கள் பதிவுக் குரலையே பின்னால் ஓடவிட்டு, வரியின் கடைசிச் சொல்லை மட்டும் சேர்ந்து கத்துகிறார்கள். அடுத்த முறை ஒரு ராப் நிகழ்ச்சிக்குப் போனால், பின்னணிக் குரல் இல்லாமல் வெறும் டிரம்ஸோடு அவர் பாடும் பகுதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள்: கை விழும் இடத்தில் எந்த உயிரொலி விழுகிறது, விழாதபோது தெரிந்தே தள்ளிவைத்தாரா அல்லது தவறவிட்டாரா, நான்காவது வட்டத்திலும் மூச்சு மிச்சமிருக்கிறதா என்று.