உஷார்! முதல் நாளே மேல் லிஃப்டில் ஏறிவிடாதீர்கள்

"மேலே போயிட்டா இறங்கித்தானே ஆகணும் மச்சி, தானா வந்துரும்."

ஜப்பானுக்குப் பனிச்சறுக்கப் போகிற நண்பர் கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியே தீருவார். சொல்பவர் கெட்டவர் அல்ல. ஏற்கெனவே சில தடவை போய் வந்தவர். தனக்குக் கிடைத்த சந்தோஷம் உங்களுக்கும் கிடைக்கட்டும் என்று மனதார நினைப்பவர். ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் உஷாராகிவிடுங்கள். ஸ்னோபோர்டில் புதிதாகக் கால் வைப்பவருக்கு மலையைவிட, குளிரைவிட, கூட வரும் நண்பர்களின் உற்சாகம்தான் முதல் ஆபத்து.

டோக்கியோவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து விடுமுறைக்குப் போகும் நம்மவர்களும் இப்போது ஹக்குபா, நிசேகோ, காலா யுசாவா என்று பெயர் சொல்லித் திட்டம் போடுகிறார்கள். அதில் பாதிப் பேர் அதுவரை பனியையே தொட்டிருக்க மாட்டார்கள். "எனக்குப் பயமா இருக்கு" என்று வாய் திறந்து சொல்லத் தயங்கி, கூட்டத்தோடு லிஃப்ட் வரிசையில் போய் நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். நிலை தடுமாறினால் ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்க முடியாது. பலகைக்கு இரண்டு விளிம்பு: விரல் பக்கம் ஒன்று, குதிகால் பக்கம் ஒன்று. சரிவில் எப்போதும் மேட்டுப் பக்கத்து விளிம்புதான் பனியைக் கவ்வ வேண்டும். புதியவர் ஒரு நொடி அசந்து பலகையைத் தட்டையாக விட்டால், பள்ளத்துப் பக்கத்து விளிம்பு பனியில் சிக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு விழுவது என்று சொல்ல முடியாது, தூக்கி எறியப்படுவதுதான். ஜப்பானில் இதை 'கியாக்கு எட்ஜி' என்கிறார்கள். குதிகால் விளிம்பு சிக்கினால் ஆள் மல்லாக்கப் போய், பின்மண்டை இறுகிய பனியில் மோதும். கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது.

இது செங்குத்தான மலையில்தான் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பனிச்சறுக்குத் தலங்களை ஒட்டிய ஊர்களில் பணிபுரியும் ஜப்பானிய நரம்பியல் அறுவை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருவது இதைத்தான்: தலையில் பலத்த அடிபட்டு வரும் ஸ்னோபோர்டுக்காரர்களில் புதியவர்கள் நிறைய, அவர்கள் விழுந்தது மிதமான சரிவில், விழுந்தது பின்பக்கமாக. மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிற காயம் அது. 'குழந்தைகள் சறுக்கும் இடம்தானே' என்று ஹெல்மெட் இல்லாமல் நிற்காதீர்கள். வாடகைக் கடையில் ஹெல்மெட் கிடைக்கும். போர்டும் பூட்ஸும் வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். நண்பர்கள் யாரும் போடாவிட்டாலும் நீங்கள் போடுங்கள்.

அடுத்தது மணிக்கட்டு. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது உடம்பின் இயல்பு. அதனால்தான் புதிதாக ஸ்னோபோர்டு பழகுபவர்களிடம் அதிகம் உடைகிற எலும்பு மணிக்கட்டாக இருக்கிறது. மணிக்கட்டுக் காப்புறை அந்த ஆபத்தை நன்றாகவே குறைக்கிறது. ஆனால் அது எல்லா வாடகைக் கடையிலும் இருக்காது, புறப்படும் முன்பே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வால் எலும்பைக் காக்கும் மெத்தை வைத்த உள்கால்சட்டையும் அப்படித்தான். முதல் நாளில் எத்தனை தடவை உட்கார்ந்து விழுவீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

விழுவதற்கும் முறை உண்டு, ஹோட்டல் அறையிலேயே பழகலாம். முன்பக்கம் விழுந்தால் முதலில் முழங்கால், பிறகு விரல்களை மூடிய கையோடு முன்னங்கை. பின்பக்கம் விழுந்தால் முழங்காலை மடக்கி உட்காருவதுபோல் போய், தாடையை நெஞ்சோடு ஒட்டி, உங்கள் தொப்புளைப் பாருங்கள். தொப்புளைப் பார்க்கும் தலை பின்னால் போய் மோதாது. ஜப்பானியப் பயிற்சியாளர்கள் ஜூடோவிலும் பனியிலும் ஒன்றுபோலச் சொல்லித் தருவது இது.

இப்போது லிஃப்டுக்கு வருவோம். என் கவலை முழுவதும் இங்கேதான். ஏறுவது சுலபம், ஏறிய பிறகு முடிவை மாற்றுவதுதான் கஷ்டம். ஜப்பானியப் பனிச்சறுக்குத் தலங்களின் வரைபடத்தில் பச்சை என்றால் புதியவர், சிவப்பு என்றால் இடைநிலை, கறுப்பு என்றால் தேர்ந்தவர். லிஃப்ட் போய் நிற்கும் இடத்திலிருந்து அடிவாரம் வரை பச்சைக் கோடு அறுபடாமல் வருகிறதா என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு துண்டு சிவப்பு வந்தால்கூட அந்த லிஃப்ட் இன்று உங்களுக்கு இல்லை. நாகானோ மாநிலத்து ஹக்குபாவின் ஹப்போ-ஒனே மலையில்தான் 1998 குளிர்கால ஒலிம்பிக்கின் டவுன்ஹில் பந்தயங்கள் நடந்தன. அதே மலையில் கீழே புதியவர்களுக்கான சரிவும் இருக்கிறது. நண்பர்கள் "ஹப்போ போறோம்" என்றால், மலையின் எந்தப் பகுதிக்கு என்று கேளுங்கள்.

பச்சைக் கோட்டையும் கண்மூடி நம்ப வேண்டாம். மலை உச்சியிலிருந்து காட்டு வழியாகச் சுற்றிச் சுற்றி இறங்கும் குறுகிய பாதைகளை வரைபடத்தில் பச்சையாகவே போட்டிருப்பார்கள். ஸ்கீ போடுபவருக்கு அது சுலபம். ஸ்னோபோர்டில் புதியவருக்கோ அது சித்திரவதை. பாதை குறுகல் என்பதால் திரும்ப இடமில்லை, ஒரே விளிம்பில் நெடுந்தூரம் நிற்கத் தொடை தாங்காது, ஒரு பக்கம் பள்ளம். சமதளம் வந்தால் பலகை நின்றுவிடும், பிறகு ஒரு காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நீளமான பச்சைப் பாதையைவிட, அடிவாரத்தில் அகலமாக விரிந்த குட்டைச் சரிவுதான் உங்களுக்கு நல்லது.

ஜப்பானில் பழைய இருவர் லிஃப்டுகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. பலவற்றில் முன்னால் இழுத்துவிடும் தடுப்புக் கம்பி கிடையாது. முதல் முறை ஏறுபவர் இது தெரியாமல் திகைத்துப்போவார். முதுகைப் பின்னால் சாய்த்து உட்காருங்கள், போனை வெளியே எடுக்காதீர்கள், முன்கால் மட்டும் பலகையில் இருக்கட்டும். இறங்குமிடத்தில் விழுந்துவிட்டால் ஊழியர் லிஃப்டை நிறுத்துவார், நீங்கள் உடனே ஓரமாக நகர்ந்துவிடுங்கள். கோண்டோலாவில் ஏறிப் போய், மேலே நின்று பார்த்ததும் வயிறு கலங்கினால் அதே கோண்டோலாவில் திரும்பி இறங்கலாம். ஊழியரிடம் கேட்டால் வழி காட்டுவார்கள். நண்பர்கள் கிண்டல் செய்வார்களே என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நண்பரே ஆசிரியர் என்ற ஏற்பாடும் வேண்டாம். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்குத் தான் எப்படிக் கற்றோம் என்பது மறந்துபோயிருக்கும். "முன்னாடி சாய்டா, முழங்காலை மடக்குடா" என்று கத்துவார், பிறகு பொறுமை இழந்து "கீழே வெயிட் பண்றேன்" என்று போய்விடுவார். பயிற்சியாளரோ ஒரு காலில் சறுக்குவதிலிருந்து தொடங்கி, குதிகால் விளிம்பில் நின்றபடி பக்கவாட்டில் இறங்கவும், வேண்டிய இடத்தில் நிறுத்தவும் சொல்லித் தருவார். நிசேகோவிலும் ஹக்குபாவிலும் ஆங்கிலத்தில் பயிற்சி கிடைக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில், அதிலும் சீனப் புத்தாண்டு வாரத்தில், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். விமான டிக்கெட் போடுகிற அன்றே அதையும் பதிவு செய்துவிடுங்கள். இரண்டு விளிம்பிலும் நினைத்த இடத்தில் நிற்க வராதவரை சிவப்புச் சரிவு பக்கம் போகவே போகாதீர்கள்.

களைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செலவு மிச்சம் என்று டோக்கியோவிலிருந்து இரவுப் பேருந்து பிடிப்பார்கள். விடிகாலையில் மலையடிவாரத்தில் இறக்கிவிடும். அரைகுறைத் தூக்கத்தோடு காலையிலேயே போர்டில் ஏறினால், மதியம் இரண்டு மணிக்குத் தொடை நடுங்க ஆரம்பிக்கும். அப்போதுதான் "கடைசியா ஒரே ஒரு ரவுண்டு" என்பார்கள். டிசம்பர் கடைசியில் ஹொக்கைடோவில் மாலை நான்கு மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். வெளிச்சம் மங்கினால் பனியில் மேடு பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கடைசி ரவுண்டுக்குப் போகாதீர்கள். காலா யுசாவாவில் வேறு விதமான சிக்கல். டோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் நேராகப் பனிச்சறுக்கு நிலையத்துக்குள்ளேயே போய் இறங்கலாம். அவ்வளவு சுலபம் என்பதாலேயே ஜீன்ஸும் பருத்திச் சட்டையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். பருத்தி நனைந்தால் காயாது, உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளியோ பாலியஸ்டரோ போட்டு, மேலே நீர் புகாத உடை போடுங்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. சைபீரியாவின் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலைகளில் மென்மையான பனியாகக் கொட்டுகிறது. நண்பர்கள் இவ்வளவு செலவு செய்து வந்ததே அந்தப் பனிக்காகத்தான். கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே தொடப்படாத வெள்ளை தெரியும். "அஞ்சு நிமிஷம்தான், என் பின்னாலேயே வா" என்பார்கள். போகவே போகாதீர்கள்.

மரத்தடியில், கிளைகளுக்குக் கீழே, பனி இறுகாமல் குழியாக இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. அதில் தலைகீழாக விழுந்தால், ஆற்று மணலில் தோண்டிய ஊற்றைப்போல நாலாபக்கமும் சரிந்து மூடிக்கொள்ளும். இரண்டு காலும் பலகையில் கட்டப்பட்டிருக்க, கை எட்டாது, அசைய அசைய இன்னும் உள்ளே போவீர்கள். வட அமெரிக்காவில் தன்னார்வலர்களைப் பாதுகாப்போடு இப்படிக் குழிக்குள் இறக்கிப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது பேரால் தாமாக வெளியே வர முடியவில்லை. முன்னால் போன நண்பருக்கு உங்கள் குரல் கேட்காது. கீழே போய்க் காத்திருந்து, காணோமே என்று புரிந்து, இடுப்பளவுப் பனியில் மேலே ஏறி வருவதற்குள் மூச்சு நின்றிருக்கும்.

பனிச்சரிவு அதைவிடப் பெரிய ஆபத்து. 2023 ஜனவரி 29 அன்று ஹக்குபா பக்கத்து சுகாய்கே மலைப்பகுதியில், எல்லைக்கு வெளியே ஏற்பட்ட பனிச்சரிவில் இருவர் இறந்தார்கள். ஒருவர் கைல் ஸ்மேன், 2015-இல் ஸ்கீ ஹாஃப்பைப் உலகச் சாம்பியன். பனியிலேயே வாழ்ந்த மனிதர். உங்கள் கூட்டத்தில் நன்றாகச் சறுக்குகிற நண்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மலைக்கு அது தெரியாது. நிசேகோவில் இதற்கென்றே விதிகள் வைத்திருக்கிறார்கள்: கயிற்றுக்கு அடியில் புகுந்து போகக் கூடாது, தலத்தின் காவல் குழு (ஸ்கீ பேட்ரோல்) திறந்துவைத்த கதவு வழியாக மட்டும்தான் வெளியேறலாம், யுனோசாவா பள்ளத்தாக்கு எப்போதுமே மூடப்பட்ட பகுதி. மீறினால் லிஃப்ட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். கதவு திறந்திருந்தாலும் அது தேர்ந்தவர்களுக்கானது, உங்களுக்கு அல்ல. எல்லைக்கு வெளியே சிக்கினால் தேடுதல் செலவு உங்கள் தலையில்தான் விழும். பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். பல பாலிசிகளில் குளிர்கால விளையாட்டைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு, சேர்த்தாலும் எல்லைக்கு வெளியே நடந்ததற்குக் கிடைக்காது. பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

சரிவில் நடுவழியில், மேட்டுக்குக் கீழே மறைவாக உட்காராதீர்கள், மேலிருந்து வருபவருக்குத் தெரியாது. ஓரத்துக்கு வந்து உட்காருங்கள். கீழே இருப்பவருக்கு வழிவிடுவது மேலிருந்து வருபவரின் கடமைதான், ஆனால் வருபவரும் உங்களைப்போலப் புதியவராக இருக்கலாம். யாருக்காவது அடிபட்டால் நண்பர்களே தூக்கிக்கொண்டு இறங்க முயல வேண்டாம். அடிபட்டவருக்குச் சற்று மேலே ஒரு போர்டைப் பனியில் நட்டு வைத்து, காவல் குழுவைக் கூப்பிடுங்கள். அந்த எண் வரைபடத்திலேயே இருக்கும், காலையிலேயே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

தலையில் அடிபட்டவர் எழுந்து சிரித்தாலும் அன்றைய சறுக்கல் அத்தோடு முடிந்தது. அன்று இரவு பியர் வேண்டாம், ஒன்சென் எனும் வெந்நீர் ஊற்றுக் குளியலும் வேண்டாம். தனியறையில் படுக்கவிடாமல் யாராவது கூடவே இருங்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பியும் சரியாக எழாவிட்டாலோ காலைவரை பொறுக்காதீர்கள். 119 என்று அழுத்துங்கள். ஆம்புலன்ஸுக்குப் பணம் கேட்க மாட்டார்கள், மருத்துவமனைச் செலவு மட்டும் தனி. பல ஊர்களில் ஆங்கிலம் தெரிந்த மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைத்துக்கொள்வார்கள். முதலில் "ஆம்புலன்ஸ்" என்று சொல்லுங்கள், அடுத்து தங்கியிருக்கும் விடுதியின் பெயரைச் சொல்லுங்கள், பிறகு "தலையில் அடி" என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.